சிலையைப் பார்த்துச் செய்த சரீரம்

நம் தேசத்தில் மார்பு விரிந்து புஜம் திரண்ட வாலிபனைக் கண்டால் ஸாண்டோ என்று அழைக்கும் வழக்கம் வெகுகாலம் இருந்து வந்தது. கோயமுத்தூரிலிருந்து கிளம்பிப் பிற்காலத்தில் சினிமாப் படங்களெடுத்துப் பிரசித்தியடைந்த சின்னப்பா தேவர் அப்பெயரையே தம் பெயருக்கு முன் பட்டமாகத் தரித்திருந்தார். வங்காளத்தாரோ கையில்லாத பனியனுக்கு அப்பெயரை இட்டனர். ஒரு மனிதருடைய பெயர் பட்டமாகவும் சட்டையாகவும் மாறிவிட்ட பிறகு, அதற்கு உரியவர் யார், எத்தேசத்தவர், என்ன செய்தார் என்பதை ஜனங்கள் மறந்து போவது இயல்பே. எனினும் அவருடைய சரித்திரம் பயில்வான்களுக்கு மாத்திரம் உரியதென்று ராஜீய விஷயங்களில் ஈடுபட்டோர் ஒதுக்கிவிடலாகாது. ஒரு ராஜ்யம் தன் பிரஜைகளின் கை கால்களைப் பற்றி எப்பொழுது கவலை கொள்ளத் தொடங்குகிறது, என்ன நோக்கத்தோடு கவலை கொள்கிறது என்பதற்கு அவர் வாழ்க்கையைப் போல் தெளிவான சாட்சியம் கிடைப்பது அரிது.

1867-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 2-ம் தேதி பிரஷ்யா தேசத்துக் கோனிக்ஸ்பர்க் நகரில் அவர் பிறந்தார். தத்துவ ஞானி கான்ட் பிறந்து மடிந்த ஊர் அது. 1946 முதல் கலினின்கிராட் என்ற பெயருடன் ருஷியாவைச் சேர்ந்ததாயிற்று. பெற்றோர் இட்ட பெயர் பிரெடரிக் வில்ஹெல்ம் முல்லர். யூஜின் ஸாண்டோ என்பது பிற்காலத்தில் கொட்டகைக்காக அவரே சூடிக்கொண்ட பெயர்.

அவர் பிறந்த தேசத்தில் தேகப்பயிற்சி வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. 1806-ல் ஜேனா யுத்தத்தில் நெப்போலியனிடம் பிரஷ்யா தோற்று மானமிழந்த பின், யான் என்ற உபாத்தியாயர் 1811-ல் பெர்லினுக்கு வெளியே ஹாஸன்ஹைடே என்னுமிடத்தில் ஒரு திறந்த கோதாவை அமைத்தார். வாலிபர்கள் கூட்டங்கூட்டமாக வந்து கம்பங்களில் ஏறியும் தாண்டியும் தொங்கியும் பயின்றனர். பயின்றவாறே ஜெர்மானிய ஐக்கியத்தைப் பற்றியும் பேசினர். நெப்போலியன் ஒழியும் வரையில் அரசாங்கத்துக்கு அந்தப் பேச்சு இனித்தது. ஒழிந்த பின் கசந்தது. 1820 முதல் 1842 வரையில் அக்கோதாக்கள் தடை செய்யப்பட்டன; யான் சிறையிலிடப்பட்டார். பிரஜைகளின் புஜங்கள் தன் சொற்படி அசையும் வரையில் அவற்றை மெச்சுவதும், தாமாக அசையத் தொடங்கினால் விலங்கைத் தேடுவதும் ஒரு தேசத்து அரசாங்கத்துக்கு மாத்திரம் உரிய குணமன்று.

ஜெர்மானியருக்கு மற்றொரு மோகமும் இருந்தது. 1755-ல் விங்கல்மன் என்ற பண்டிதர் கிரேக்கச் சிலைகளைப் புகழ்ந்து எழுதிய நாள்முதல், மனித சரீரத்தின் பூரண அழகு ஆதி கிரேக்கரோடு முடிந்துவிட்டதென்று அவர்கள் நம்பி வந்தனர். ஆங்கிலேயரும் இதற்குப் பிந்தினவர்களல்லர். ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தெனான் கோயிலிலிருந்து எல்ஜின் பிரபு பெயர்த்துக் கொண்டுவந்த சிற்பங்களை 1816-ல் விலைக்கு வாங்கி லண்டன் பொருட்காட்சிசாலையில் வைத்தனர். கிரேக்க தேசம் அன்று துருக்கியருக்கு அடிமை. அடிமை நாட்டின் சிலைகளை எவர் எவருக்கு விற்கலாமென்ற கேள்வி நியாயஸ்தலம் எதிலும் இன்றளவும் தீர்ந்தபாடில்லை.

இந்தச் சிலைகளே தமக்கு வழிகாட்டியதாக ஸாண்டோ எழுதி வைத்திருக்கிறார். சுமார் பத்து வயதில், மெலிந்த சிறுவனாகத் தந்தையோடு இத்தாலி சென்றபோது அங்குள்ள பழைய வீரர்களின் பிரதிமைகளைக் கண்டு பிரமித்தாராம். இப்படிப்பட்ட மனிதர் இக்காலத்தில் ஏன் இல்லையென்று தந்தையைக் கேட்டாராம். சொகுசான வாழ்க்கையால் மனித ஜாதி க்ஷீணித்துவிட்டதென்று தந்தை விளக்கினாராம். கதை அழகாயிருக்கிறது. ஆனால் இதற்குச் சாட்சி அவர் ஒருவரே. அவரோ இந்தக் கதையால் லாபமடைந்தவர். எந்த நீதிபதியும் இதைச் சற்றுச் சந்தேகத்துடனேயே பதிவு செய்வார். அவருடைய சரித்திரத்தை ஆராய்ந்தோரில் பலர் நம்பவில்லை.

பிரயாணம் பொய்யாயினும் மோகம் மெய். பிற்காலத்தில் அவர் பொருட்காட்சிசாலைகளுக்குச் சென்று சிலைகளின் மார்பு, புஜம், இடை, தொடை முதலியவற்றை அளந்து, அவ்வளவுகளுக்குத் தம் சரீரத்தைக் கொண்டுவர முயன்றார். நம் ஸ்தபதிகளுக்குத் தாளக் கணக்கு எவ்வாறோ அவ்வாறே கிரேக்கச் சிற்பிகளுக்கும் கணக்கு உண்டு. கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் பாலிகிளைடஸ் என்ற சிற்பி, விரலுக்கும் விரலுக்கும், விரல்களுக்கும் உள்ளங்கைக்கும், உள்ளங்கைக்கும் முன்கைக்கும் இருக்க வேண்டிய விகிதங்களை ஒரு நூலாக எழுதி, அதற்கு உதாரணமாக ஈட்டியேந்திய வாலிபன் ஒருவனை வெண்கலத்தில் வார்த்தார். நூலும் மறைந்தது, வெண்கலமும் மறைந்தது. பிற்காலத்து ரோமர் பளிங்கில் செய்து வைத்த நகல்களே எஞ்சின. அந்த வாலிபன் எவனையும் பார்த்துச் செய்யப்பட்டவனல்லன், கணக்கினின்று பிறந்தவன். ரோமாபுரியில் கரகல்லா ஸ்நான கட்டடத்தில் கிடைத்து நேப்பிள்ஸ் நகரில் இருக்கும் ஹெர்க்குலிஸ் சிலையும் அத்தகையதே. மலைபோன்ற தசைகளுடன், களைத்துப்போய்த் தன் கதையின் மேல் சாய்ந்து நிற்கும் அவ்வீரனைப் போலவே ஸாண்டோ அநேகம் படங்கள் பிடித்துக்கொண்டார். களைப்பை மாத்திரம் விட்டுவிட்டார்.

அளவை எடுத்துக்கொண்டவர்கள் எடுத்துக்கொள்ளாமல் விட்ட விஷயம் ஒன்றுண்டு. கிரேக்கரின் தேகப்பயிற்சிக் கூடம் சுதந்திரப் பிரஜைகளுக்கு உரிய இடம். ஏதென்ஸில் ஸோலன் விதித்த சட்டம் அடிமைகள் அங்கே பயிலவும் எண்ணெய் பூசிக்கொள்ளவும் கூடாதென்று தடுத்தது. உழைத்து உழைத்து இறுகிய அடிமையின் தோளை எந்தச் சிற்பியும் அளவாகக் கொள்ளவில்லை. அங்கே அங்க லட்சணமும் பிரஜா உரிமையும் ஒரே கதவின் வழியாக உள்ளே சென்றன.

நிற்க. 1885-ல், பதினெட்டு வயதில், கட்டாய ராணுவ சேவையினின்று தப்புவதற்காக அவர் பிரஷ்யாவை விட்டு ஓடினார். பிற்காலத்தில் வேறொரு சாம்ராஜ்யத்தின் சிப்பாய்களுக்கு உடல் தேற்றும் உபாயம் சொல்லப் போகிறவர், தம் சொந்த அரசரின் பட்டாளத்துக்கு டிமிக்கி கொடுத்தே வாழ்க்கையைத் தொடங்கினாரென்பது கவனிக்கத்தக்கது. சர்க்கஸ் கூட்டங்களோடு அலைந்து பிரஸல்ஸ் நகரை அடைந்தார். அங்கே அட்டிலா என்ற பெயரில் பயிற்சிக்கூடம் நடத்தி வந்த லூயி துர்லாக்கர் அவரைச் சீடராக ஏற்றார். கனமான குண்டுகளைத் தூக்கும் வித்தையும், தூக்கும்போது சபையோரைப் பார்த்துச் சிரிக்கும் வித்தையும் அவரிடம் கற்றவையே.

1889-ம் வருஷம் லண்டன் ராயல் அக்வேரியம் கொட்டகையில் ஸாம்ஸன் என்றொரு பலசாலி, தன்னை வெல்லுவோர் உண்டோவென்று இரவுதோறும் சவால் விட்டு வந்தான். இத்தகைய சவால்கள் எவரும் ஏற்கமாட்டார் என்ற தைரியத்தில் விடப்படுபவை. ஸாண்டோ ஏற்றார். மேடைக்கு வந்தபோது சாதாரண உடுப்பில் நடுத்தர உயரத்து வாலிபனாகத் தோன்றிய அவரைக் கண்டு ஜனங்கள் நகைத்தனர். மேற்சட்டையைக் கழற்றியதும் நகைப்பு நின்றது. முதலில் ஸாம்ஸனுடைய சிஷ்யனையும் பிறகு ஸாம்ஸனையும் அவர் தோற்கடித்தார். மறுநாள் காலைப் பத்திரிகைகள் அவரை லண்டன் முழுவதும் அறிமுகம் செய்துவிட்டன.

1893-ல் அமெரிக்கா சென்றார். சிக்காகோ நகரில் உலகப் பொருட்காட்சி நடந்த சமயம், ஸீக்பீல்ட் என்ற இளைஞர் தம் தந்தையாரின் கொட்டகைக்கு அவரை அமர்த்தினார். அவர் தூக்கும் பளுவைக் காட்டிலும் தூக்குகிறவரின் தசைகளையே ஜனங்கள் கண்கொட்டாமல் பார்க்கிறார்களென்பதை ஸீக்பீல்ட் கண்டுகொண்டார். அந்தக் க்ஷணத்தில் ஒரு புதுத் தொழில் பிறந்ததென்று சொல்லலாம். அதுவரையில் பலசாலியானவன் ஏதேனும் செய்து காட்ட வேண்டியிருந்தது. இனி நின்று காட்டினால் போதும். சரீரத்தில் வெள்ளைப் பொடி பூசி, பளிங்குச் சிலைபோல் அசையாது நின்று, பிறகு ஒவ்வொரு தசையாக அசைத்துக் காட்டினார். ஹார்வர்டு சர்வகலாசாலையின் ஸார்ஜெண்ட் என்ற வைத்தியர் அவரை அங்கம் அங்கமாக அளந்து புகழ்ந்தார். 1894 மார்ச்சில் எடிஸனுடைய தொழிற்சாலையில் சலனப்படம் எடுக்கப்பட்டது. சினிமாவில் பதிந்த ஆதி மனிதர்களில் அவரும் ஒருவர். அதே வருஷம் ஸான்பிரான்ஸிஸ்கோவில் சிங்கத்தோடு குஸ்தி என்று விளம்பரம் செய்தார்கள். சிங்கத்தின் வாய்க்கு மூடியும் பாதங்களுக்கு உறையும் மாட்டியிருந்தது. அந்தப் பிராணிக்குச் சண்டையில் மனமே இல்லை. காசு கொடுத்து வந்தவர்கள் வைதுகொண்டு வீடு திரும்பினார்கள்.

இத்துடன் நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுதத் தேவையில்லை. 1897-ல் லண்டன் ஸெயின்ட் ஜேம்ஸ் வீதியில் அவர் தேகப்பயிற்சி நிலையம் ஒன்று திறந்தார். அதே ஆண்டில் பலம் அடையும் முறையைப் பற்றிய புஸ்தகத்தையும், மறு ஆண்டில் ஒரு மாதப் பத்திரிகையையும் வெளியிட்டார். இவற்றின் வாசகர் பிரபுக்களல்லர். கணக்கெழுதும் குமாஸ்தாக்கள், கடைச் சிப்பந்திகள், ஆலைத் தொழிலாளிகள். காலை முதல் மாலை வரையில் குனிந்து கூன் விழுந்த இந்த ஜனங்களுக்கு ஒருவரும் சொல்லாததை அவர் சொன்னார். பெரிய குண்டுகள் வேண்டாம். சில பவுண்டு எடையுள்ள இரண்டு சிறு கட்டைகள் போதும். தினம் சில நிமிஷங்கள் போதும். ஆனால் அசைக்கின்ற தசையின் மேல் மனம் முழுவதும் நிலைத்திருக்க வேண்டும். பிறகு கையை உள்ளழுத்தினால் சுருங்கும் வில் பொருத்திய கட்டைகளை விற்கலானார். அளவெடுத்துக் குறித்து அனுப்பினால் தபால் மூலம் பாடம் வரும். ஜேம்ஸ் ஜாய்ஸ் 1922-ல் வெளியிட்ட பிரசித்தமான நாவலில் வரும் விளம்பர முகவர் கூட ஸாண்டோ பயிற்சியை மறுபடி தொடங்க வேண்டுமென்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார். தொடங்கி விட்டுவிடும் வழக்கமும் அவ்வளவு பழமையானது!

கேலி நிற்கட்டும். ஏழைக் குமாஸ்தாவுக்கும் தன் சரீரம் தன் வசத்திலிருக்கிறது, அது விதியன்று, முயற்சியால் மாறும் என்ற நம்பிக்கையை அவர் ஊட்டினார். வியாபாரமாகவே ஊட்டினார், ஆயினும் ஊட்டினார். இது சிறிய உபகாரமென்று நமக்குத் தோன்றவில்லை.

ஆங்கில சாம்ராஜ்யத்துக்கு அந்த உபகாரம் தேவையான சமயமும் வந்தது. 1899-ல் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டது. பட்டாளத்தில் சேர வந்த ஆலை நகரங்களின் வாலிபர்களைப் பரிசோதித்த டாக்டர்கள், மார்பு குறுகியும் பல் சொத்தையாயும் உயரம் குன்றியும் இருந்த கூட்டங்களைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. நூறு வருஷ காலம் அவர்கள் உழைப்பினால் கொழுத்த சீமான்கள் அப்பொழுதுதான் அவர்களுடைய எலும்புகளைக் கண்டார்கள். ஜாதி க்ஷீணிக்கிறதென்ற கூக்குரல் எழுந்தது. 1904-ல் அரசாங்கக் கமிட்டி ஒன்று அதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. கூலியைப் பற்றியோ வீடுகளைப் பற்றியோ பேசுவதிலும், சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதிலும், கட்டையசைக்கச் சொல்வது மலிவான சிகிச்சை என்பதில் ஐயமில்லை.

1901 ஸெப்டம்பர் 14-ந் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் ஸாண்டோ நடத்திய போட்டி இச்சூழ்நிலையிலேயே நடந்தது. மூன்று வருஷ காலம் ஜில்லா ஜில்லாவாக நடந்த தேர்வுகளில் வென்ற அறுபது பேர், சிறுத்தைத் தோலணிந்து மண்டபத்தில் வரிசையாக நின்றனர். உலகில் முதன்முதல் நடந்த பெரிய சரீர சௌந்தரியப் போட்டி இதுவேயென்பர். நீதிபதிகளாக லாஸ் என்ற சிற்பியும் துப்பறியும் கதைகள் எழுதிய கோனன் டாயிலும் அமர்ந்தனர்; முடிவான வார்த்தை ஸாண்டோவுடையது. தசை பெரிதாயிருப்பவனுக்கே பரிசு என்பதில்லை. அங்கங்களின் பொருத்தம், தோலின் நிலை, பொதுவான ஆரோக்கியம் யாவும் கணிக்கப்படுமென்று முன்னரே அறிவித்திருந்தார்கள். நாட்டிங்காம் நகரத்து முர்ரே என்பவர் ஸாண்டோவின் உருவமைந்த தங்கச் சிலையைப் பெற்றார். இரவு வெகுநேரம் கழித்து அந்த வெற்றி வீரர் சிலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஊருக்கு ரயிலும் இல்லாமல் தங்க இடமும் இல்லாமல் தெருவில் அலைந்ததைக் கண்டு தாம் ஹோட்டலுக்கு அழைத்துச் சென்றதாகக் கோனன் டாயில் தம் ஞாபகக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். போட்டியின் வசூல் டிரான்ஸ்வால் யுத்த நிவாரண நிதிக்குச் சென்றது. அதே வருஷத்தில் லண்டன் இயற்கைப் பொருட்காட்சிசாலையார், ஐரோப்பிய ஜாதியின் உத்தம மாதிரியென்று ஸாண்டோவின் உடல் முழுவதையும் சுண்ணத்தில் அச்செடுத்தனர். சிலையைப் பார்த்துச் சரீரத்தைச் செய்தவரைப் பார்த்து மீண்டும் ஒரு சிலை!

1904-ம் 1905-ம் வருஷங்களில் அவர் கீழ்நாடுகளில் சுற்றுப்பிரயாணம் செய்தபோது இந்தியாவுக்கும் வந்தார். கொட்டகைகள் நிரம்பி வழிந்தன. அந்தக் கூட்டங்கள் வேடிக்கை பார்க்க மாத்திரம் கூடினவென்று நாம் எண்ணவில்லை. 1841-ல் எழுதிய வியாஸமொன்றில் மெக்காலே வங்காளிகளைத் திராணியற்றவரென்றும் பெண் தன்மையுள்ளவரென்றும் இகழ்ந்திருந்தார். அதைப் பள்ளிக்கூடப் பாடமாகவே படித்து வளர்ந்த தலைமுறைக்கு ஸாண்டோவின் வார்த்தை வேறு வகையாகக் காதில் விழுந்தது. பலம் ஜாதிக் குணமன்று, பயிற்சியின் பலன் என்றால், ஆளுவோன் புஜமும் ஆளப்படுவோன் புஜமும் பிரம்மா வகுத்த பேதமல்லவே! 1902-லேயே கல்கத்தாவில் அனுசீலன் சமிதி தோன்றி வாலிபர்களுக்குக் கம்பும் குஸ்தியும் கற்பித்து வந்தது. ஸாண்டோ பிரயாணம் செய்த அதே 1905-ல் வங்காளம் பிரிக்கப்பட்டது. கஸரத்துக் கூடங்கள் பெருகின. போலீஸார் அவற்றின் வாசலில் காவல் நின்று பெயர்களைக் குறிக்கலாயினர். யானுடைய கோதாவைப் பிரஷ்ய ராஜா நடத்திய விதம் இங்கே மறுபடி நடந்தது.

இதில் மிகவும் ரசமான சரித்திரம் மராட்டிய தேசத்து ஔந்து சமஸ்தானத்தின் பவானராவ் பந்த் பிரதிநிதியுடையது. அவர் 1897-ல் ஸாண்டோவின் புஸ்தகங்களையும் கருவிகளையும் தருவித்துச் சுமார் பத்து வருஷம் அம்முறையைத் தவறாமல் அப்பியசித்தவர். பிறகு நம் நாட்டு சூரிய நமஸ்காரத்தில் அதனினும் மேலான பயன் கண்டு, சமஸ்தானத்துப் பள்ளிகளில் அதைப் புகுத்தி, அதைப் பற்றிப் புஸ்தகமும் வெளியிட்டார். அந்த ராஜாவே 1939-ல் காந்தியடிகளின் யோசனையைக் கேட்டுத் தம் அதிகாரத்தை ஜனங்களிடம் ஒப்படைத்து அரசியல் சட்டம் வழங்கினார். பெங்களூரிலோ கே. வி. ஐயர் ஹெர்க்குலிஸ் என்ற கிரேக்கப் பெயரிலேயே பயிற்சிக்கூடம் வைத்து, மேனாட்டு இரும்பையும் நம் தண்டால், பஸ்கி, ஆசனங்களையும் சேர்த்துக் கற்பித்தார். 1930-ல் புஸ்தகமும் எழுதினார். ஸாண்டோவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் இவ்விருவரும்.

ஸாண்டோ 1906-ல் ஆங்கிலப் பிரஜையானார். 1909-ல் தேசியச் சேனையில் சேர விரும்பி உடல் தேறாத வாலிபர்களுக்குப் பயிற்சியளித்தார். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் அரசர் அவரைத் தமது தேகப்பயிற்சி ஆசிரியராக நியமித்துப் பட்டமளித்தார். பட்டத்தின் மினுக்கிலேயே கொக்கோ மாவு விற்கும் கம்பெனியொன்றும் தொடங்கினார். 1914-ல் ஜெர்மனியோடு யுத்தம் மூண்டதும் பட்டம் காக்கவில்லை. சாம்ராஜ்யத்தின் சரீர மாதிரியென்று கொண்டாடப்பட்டவரிடம் ஜனங்கள் ஜெர்மானிய இரத்தத்தை மோப்பம் பிடித்தனர். கொக்கோ கம்பெனி யுத்த காலத்திலேயே மூழ்கிற்று. 1919-ல் கடைசிப் பெரும் புஸ்தகத்தை எழுதினார், முன்போல் வாங்குவாரில்லை.

1925-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதி, ஐம்பத்தெட்டாவது வயதில், லண்டனில் காலமானார். பள்ளத்தில் இறங்கிய மோட்டார் வண்டியைத் தனியாகத் தூக்கியதனால் இறந்தாரென்ற கதை ஊரெங்கும் பரவிற்று. அதை நம்ப ஜனங்களுக்கு ஆசை. வைத்தியர்கள் இரத்தக் குழாய்க் கோளாறென்றே எழுதினர். அவருடைய தர்மபத்தினி பிளாஞ்ச் அம்மையார் பட்னி வேல் மயானத்துச் சமாதிக்குக் கல் நாட்ட இசையவில்லை. குடும்பத்துக்குள் நடந்தது யாதோ, அதில் தலையிட நமக்கு உரிமையில்லை.

1965-ல் அமெரிக்காவில் தொடங்கிய மிஸ்டர் ஒலிம்பியா போட்டியில், 1977 முதல் வென்றவருக்கு ஸாண்டோவின் சிறு வெண்கலச் சிலை பரிசளிக்கப்பட்டு வருகிறது. 2003-ல் அதை வென்றவர் மேடையேறியபோது 280 பவுண்டுக்கு மேல் நிறை; ஸாண்டோ அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் இருந்திருப்பார். மருந்தூசிகளின் உதவியும் இத்தொழிலில் ரகசியமன்று. கையில் ஏந்திய சிலையும் ஏந்தியவரும் ஒரே ஜாதிப் பிராணிகளென்று பாலிகிளைடஸ் ஒப்புக்கொள்ளமாட்டார். பட்னி வேல் சமாதியோ எழுபத்தேழு வருஷம் புல் மூடிக் கிடந்தது. 2002-ல் ஓர் அபிமானி அங்கே பெயர்க்கல் வைத்தார். 2008-ல் ஸாண்டோவின் சந்ததியார் அதை எடுத்துவிட்டு, ஒன்றரை டன் எடையுள்ள செந்நிற மணற்கல் ஒன்றைச் செதுக்காமல் அப்படியே நிறுத்தினார்.